கடைக் கண்ணாடியில் பழைய எழுத்தும் பசைப் பிசுக்கும்: அகற்றும் முறை

கடை கைமாறிவிடும், தொலைபேசி எண் மாறிவிடும், சலுகை முடிந்துவிடும். கண்ணாடியில் ஒட்டிய எழுத்து மட்டும் அப்படியே இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடைகளின் முகப்பைக் கவனித்துக்கொண்டே நடந்தால் இது புரியும். போன தீபாவளியின் தள்ளுபடி அறிவிப்பு பாதி கிழிந்து நிற்கும். 2018 செப்டம்பரில் ரத்தான ஜிஎஸ்டி வரியைக் குறிப்பிடும் விலை அறிவிப்பு இன்னும் ஒட்டியிருக்கும். கதவருகே மைசெஜாத்ரா என்ற கோவிட் காலச் செயலியின் கியூஆர் கட்டம் ஒட்டியிருந்த சதுரத்தில் தூசி படிந்து கறுத்திருக்கும். கடைக்குள் நுழைய அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்யும் கட்டாயம் 2022 மே 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பசை மட்டும் போகவில்லை.

இதை வெறும் அழகுக் குறையாக நினைத்து விட்டுவிடாதீர்கள். சிறு கடைக்குக் கண்ணாடிதான் முதல் விளம்பரம். அதில் உள்ள பழைய எண்ணைப் பார்த்து அழைக்கும் வாடிக்கையாளர் வேறு யாரிடமோ பேசிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். பசைப் பிசுக்கின் மேல் புதிய ஸ்டிக்கரை ஒட்டினால் அதுவும் நிலைக்காது. காற்றுக் குமிழி விழும், விளிம்பு கிளம்பும்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதிதான்: முதலில் இளக்க வேண்டும், பிறகுதான் சுரண்ட வேண்டும். சூடு, ஈரம், நேரம் ஆகிய மூன்றும் செய்ய வேண்டிய வேலையைப் பிளேடிடம் கொடுப்பதால்தான் கண்ணாடிகள் கீறிப் பாழாகின்றன.

ஏன் இவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது?

கடைக் கண்ணாடியில் வெட்டி ஒட்டும் எழுத்து பிவிசி என்னும் வினைல் படலம். பிவிசி இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். அதை வளையச் செய்வதற்காக இளக்கிப் பொருள் ஒன்றைக் கலக்கிறார்கள். வெயில் பட்டுப் பட்டு, ஆண்டுகள் போகப் போக, அந்த இளக்கி படலத்தை விட்டு வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி அடியில் உள்ள பசைக்குள் இறங்கி அதைப் பிசுபிசுப்பாக்குகிறது. மேலே எழுத்து அப்பளம்போல் நொறுங்குவதும் கீழே பசை கையில் ஒட்டுவதும் இதனால்தான்.

நம் ஊர் வெயில் ஆண்டு முழுவதும் அடிக்கிறது. பகல் வெப்பம் 32, 33 டிகிரி என்றால், மேற்கு பார்த்த கடையின் கண்ணாடி பிற்பகலில் அதைவிட வெகுவாகச் சூடேறும். அதனால் குளிர்நாட்டுப் பொருள் அட்டையில் எழுதியிருக்கும் ஆயுளை இங்கே எதிர்பார்க்க முடியாது. மலிவான சாதாரண வினைல் சில ஆண்டுகளிலேயே நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். அந்த நிலைக்கு வரும் முன்பே கழற்றினால் வேலை பாதிதான்.

தொடங்கும் முன் நான்கு கேள்விகள்

1. எழுத்து எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது? நடைபாதையில் நின்று எழுத்தின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் வெளிப்பக்கம். வழுவழுப்பாக இருந்தால் உட்பக்கத்தில் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். உட்பக்கம் என்றால் மழையும் தூசியும் படாததால் எழுத்து ஓரளவு நல்ல நிலையில் இருக்கும். ஆனால் வெயில் தடுப்பு ஃபிலிம் இருப்பதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான்.

2. டின்டட் ஃபிலிம் இருக்கிறதா? கண்ணாடி சட்டத்தைச் சேரும் ஓரத்தை உற்றுப் பாருங்கள். சட்டத்துக்கும் நிறத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளிக் கோடு தெரிந்தால் ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. அதன் மேல் பிளேடு, தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் மூன்றும் படக்கூடாது.

3. அது கண்ணாடிதானா? கடை முகப்பில் சில பலகைகள் அக்ரிலிக்காக இருக்கும். விரல் முட்டியால் தட்டினால் கண்ணாடி கணீரென்று ஒலிக்கும், தொட்டால் குளிரும். அக்ரிலிக் மந்தமாக ஒலிக்கும். அதில் தின்னரோ அசிட்டோனோ பட்டால் மயிரிழை வெடிப்புகள் ஓடி மங்கிவிடும்.

4. டெம்பர்டு எனப்படும் பதப்படுத்திய கண்ணாடியா? கதவுகளிலும் தரையிலிருந்து மேல்வரை போகும் பெரிய முகப்புகளிலும் பெரும்பாலும் டெம்பர்டுதான். மூலையில் அழியாத சிறு முத்திரை ஒன்று இருக்கும். கண்ணாடியைப் பதப்படுத்தும்போது நுண்ணிய கண்ணாடித் துகள்கள் மேற்பரப்பில் உருகி ஒட்டிக்கொள்வது உண்டு. பிளேடு அந்தத் துகளைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போனால் நீளமாகக் கீறல் விழும். டெம்பர்டு என்று தெரிந்தால் பிளாஸ்டிக் ஸ்கிராப்பரும் கரைப்பானும் கொண்டே வேலையை முடிக்கப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய கடைவரிசைகளில் எழுத்து வினைலாக இல்லாமல் தூரிகையால் தீட்டிய பெயிண்டாக இருக்கலாம். கையால் எழுதிய பெயர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அழிக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் நேராக நின்று படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெயரை வேறு கண்ணாடியில் போடுங்கள். எழுதியவரின் கைவண்ணத்தை மறுபடி வாங்க முடியாது.

தேவையான பொருள்கள்

- தெளிக்கும் போத்தல்: 1 லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு
- ஹேர் டிரையர்
- பிளாஸ்டிக் ஸ்கிராப்பர், கண்ணாடிக்கான பிளேடு ஸ்கிராப்பர், புதிய பிளேடுகள்
- கரைப்பான்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மண்ணெண்ணெய், சமையல் எண்ணெய்
- சமையலறையில் உணவை மூடும் பிளாஸ்டிக் தாள்
- மைக்ரோஃபைபர் துணி, பழந்துணி, பழைய செய்தித்தாள்
- கையுறை, மறைப்பு டேப், உறுதியான ஏணி

பெரும்பாலானவை எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். ஆல்கஹாலை மருந்துக்கடையில் வாங்கலாம். பிளேடில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். துரு ஏறிய பிளேடின் ஒரு புள்ளி போதும், கண்ணாடியில் நிரந்தரக் கோடு போட.

எந்த நேரத்தில் செய்வது?

எழுத்தை உரிக்க வெதுவெதுப்பான கண்ணாடி நல்லது. பசையைக் கரைக்க நிழலான கண்ணாடி நல்லது. ஆகவே கிழக்கு பார்த்த கடையென்றால் காலை வெயில் பட்டபின் உரித்து, வெயில் நகர்ந்தபின் பசையைத் துடையுங்கள். மேற்கு பார்த்த கடையென்றால் பிற்பகலைத் தவிர்த்து, காலையில் ஹேர் டிரையர் வைத்துத் தொடங்குங்கள். கொதிக்கும் கண்ணாடியில் சோப்புத் தண்ணீரும் ஆல்கஹாலும் வேலை செய்யும் முன்பே ஆவியாகிவிடும். மாலை இடிமழை நம் ஊர் வழக்கம் என்பதால் ஏணி வேலையை மதியத்துக்குள் முடித்துவிடுவது பாதுகாப்பு.

படி 1: தூசியைக் கழுவுதல்

சாலைத் தூசியில் மணல் உண்டு. அது பிளேடின் கீழ் சிக்கினால் பிளேடைவிட மோசமாகக் கீறும். கண்ணாடி முழுவதையும் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். உணவுக்கடை என்றால் எண்ணெய்ப் புகைப் படலமும், கதவில் வைத்த சந்தனம் குங்குமமும், சாம்பிராணிப் புகைக் கறையும் இந்தக் கட்டத்திலேயே போய்விட வேண்டும்.

படி 2: சூடேற்றி உரித்தல்

ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் எழுத்தின் மேல் அசைத்துக்கொண்டே இருங்கள். கை வைத்தால் பொறுக்கக்கூடிய சூடு போதும். ஒரு மூலையைப் பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால் கிளப்பி, படலத்தைச் சாய்வாகப் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் படலம் அறுந்து, பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். மெதுவாக இழுத்தால் பசையும் படலத்தோடு சேர்ந்து வரும்.

உரித்த இடத்தைப் பார்த்தே சூட்டைத் திருத்திக்கொள்ளலாம். எழுத்து துண்டு துண்டாக உடைந்தால் சூடு போதவில்லை. எழுத்து இழுபட்டு நீண்டு, பசை முழுவதும் கண்ணாடியில் நின்றால் சூடு அதிகம்.

ஹீட் கன் வைத்திருப்பவர்கள் கவனம். பதப்படுத்தாத சாதாரண கண்ணாடியில் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் சுமார் 40 டிகிரி வேறுபாடு வந்தாலே வெடிக்கும் வாய்ப்பு உண்டு. உள்ளே குளிர்சாதனம் ஓடும்போது வெளியே ஓரிடத்தில் சூட்டைக் குவிப்பது ஆபத்து. விளிம்பில் சிறு வெடிப்போ சில்லு பெயர்ந்த இடமோ இருந்தால் சூடு வேண்டவே வேண்டாம். கொதிநீரை ஊற்றுவதும் இதே காரணத்தால் கூடாது.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

மலாய்ப் பெயரின் பெரிய ரோமன் எழுத்துகள் நேர்க்கோடுகள் நிறைந்தவை. ஓர் எழுத்து பெரும்பாலும் ஒரே துண்டாக வந்துவிடும். தமிழில் சுழியும் வளைவும் புள்ளியும் கொம்பும் இருக்கின்றன. 'பட்டுப்புடவைகள்' என்ற சொல்லில் எழுத்துகள் 9. ஆனால் 3 புள்ளிகளும் வகரத்துக்கு முன்னுள்ள ஐகாரக் குறியும் தனித்தனியாக வெட்டப்பட்டிருப்பதால், கண்ணாடியிலிருந்து எடுக்க வேண்டிய துண்டுகள் 13. முழுப் பலகைக்கும் இப்படிக் கணக்கிட்டு நேரத்தை ஒதுக்குங்கள்.

- ட, ப, ம போன்றவற்றில் நேர்க்கோட்டின் முனையிலிருந்து தொடங்குங்கள்.
- ண, ஞ, ஐ போன்றவற்றில் சுழிக்குள்ளிருந்து தொடங்காதீர்கள். வெளிவால் இருந்தால் அதைப் பிடித்து இழுத்துச் சுழியைக் கடைசியில் எடுங்கள்.
- புள்ளிகளை முதலில் எடுத்துவிடுங்கள். பெரிய எழுத்தை உரிக்கும் வேகத்தில் புள்ளி கண்ணில் படாமல் தங்கிவிடும். பிறகு புதிய ஸ்டிக்கருக்கு அடியில் மேடாகத் தெரியும்.

படி 3: நொறுங்கும் எழுத்தை ஈரத்தில் சீவுதல்

சூடு வைத்தும் நொறுங்குகிறதென்றால், சாதாரண கண்ணாடியாக இருக்கும் பட்சத்தில் பிளேடு பயன்படுத்தலாம். சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தெளித்து, சில நிமிடம் விட்டு, பிளேடைச் சுமார் 30 டிகிரி சாய்வில் பிடித்து ஒரே திசையில் தள்ளுங்கள். முன்னே தள்ளியதும் கண்ணாடியிலிருந்து கையைத் தூக்கி, திரும்பத் தொடக்க இடத்துக்கு வாருங்கள். தூக்காமல் பின்னுக்கு இழுத்தால், பிளேடின் அடியில் சிக்கிய துகள் கீறிவிடும். ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் பிளேடைத் துடையுங்கள். கண்ணாடி காய்ந்தால் நிறுத்தி மறுபடி நனையுங்கள். கரகரவென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதலில் கண்ணில் படாத கீழ்மூலையில் செய்து பார்த்துவிட்டுத்தான் நடுக்கண்ணாடிக்கு வர வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

படி 4: பசைப் பிசுக்கைக் கரைத்தல்

இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். கரைப்பானைத் தடவிய உடனே தேய்த்தால் பசை உருண்டு திரண்டு இடம் மாறுமே தவிரப் போகாது. அது பசைக்குள் இறங்க நேரம் கொடுங்கள்.

1. பழந்துணியைக் கரைப்பானில் நனைத்துப் பிசுக்கின் மேல் பரவலாகத் தடவுங்கள்.
2. உடனே அதன் மேல் பிளாஸ்டிக் தாளை அழுத்தி மூடுங்கள். ஆவியாகாமல் இருக்க இதுவே எளிய வழி.
3. 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள்.
4. தாளை எடுத்து, பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால் பசையை ஒரே பக்கமாகத் தள்ளிச் செய்தித்தாளில் வழித்தெடுங்கள்.
5. மீதி இருந்தால் திரும்பச் செய்யுங்கள். அழுத்தித் தேய்ப்பதைவிட இன்னொரு முறை ஊறவைப்பது மேல்.

எதற்கு எது பொருந்தும்?

- மெல்லிய பசைப்படலம்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். சீக்கிரம் காயும், எண்ணெய்ப்பசை விடாது.
- தடித்த, மஞ்சளேறிய பழைய பசை: மண்ணெண்ணெய், அல்லது டபிள்யூடி-40 போன்ற பெட்ரோலிய எண்ணெய்.
- செலோடேப் தடம், விலைச்சீட்டு: சமையல் எண்ணெய் அல்லது யூகலிப்டஸ் தைலம் சில துளி.
- காகித ஸ்டிக்கர்: முதலில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காகிதத்தை எடுங்கள், அடியில் உள்ள பசைக்கு ஆல்கஹால்.
- இருபக்க நுரை டேப்: தூண்டில் நரம்பை இரு கையாலும் பிடித்து நுரையின் நடுவே ரம்பம்போல் அறுத்துப் பிரித்தபின் மண்ணெண்ணெய்.
- தின்னர்: மற்ற எதற்கும் மசியாத பசைக்கு, வெறும் கண்ணாடியில் மட்டும், கடைசியாக.

வினிகர் தடவிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. வினைல் ஸ்டிக்கரின் பசை வினிகருக்கு எளிதில் இளகாது. அதன் பயன் சுண்ணாம்புக் கறைக்குத்தான்.

கரைப்பான் எதுவானாலும் அலுமினியச் சட்டத்தின் வண்ணப்பூச்சிலும், ஓரத்து சிலிக்கோனிலும், இரும்புக் கதவின் பெயிண்டிலும் படாமல் மறைப்பு டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 5: எண்ணெய் நீக்கி, சோதித்தல்

பசை போனபின் கரைப்பானின் எண்ணெய் மிஞ்சும். சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவி, பிறகு ஆல்கஹால் தொட்ட சுத்தத் துணியால் துடையுங்கள். சோதனை எளிது: கண்ணாடியில் தண்ணீர் தெளியுங்கள். ஒரே சீராகப் படர்ந்து வடிந்தால் சுத்தம். ஓரிடத்தில் மட்டும் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே எண்ணெய் அல்லது பசை இன்னும் இருக்கிறது.

எழுத்து போயும் தடம் தெரிந்தால்

எல்லாம் சுத்தமான பிறகும் சாய்வெளிச்சத்தில் பழைய பெயரைப் படிக்க முடிகிறதென்றால், எழுத்து மூடியிருந்த இடம் புதிதாகவும் சுற்றியுள்ள கண்ணாடி பல ஆண்டு மழைக்கும் புகைக்கும் வெளிறியும் இருக்கிறது என்று பொருள். ஆகவே எழுத்து இருந்த இடத்தைத் தேய்த்துப் பயனில்லை; சுற்றியுள்ள இடத்தைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். சம அளவு வினிகரும் தண்ணீரும் கலந்து துணியில் நனைத்துச் சில நிமிடம் ஒட்டவைத்துத் துடைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், கண்ணாடி மெருகேற்றும் சீரியம் ஆக்ஸைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து, மென்துணியால் முழுப் பரப்பிலும் சீராகத் தேய்க்கலாம்.

மேல்மாடிச் சிமெண்டுச் சுவரிலிருந்து வடியும் தண்ணீர் காரத்தன்மை உடையது. அது நெடுங்காலம் பட்ட கண்ணாடி அரித்துப்போயிருக்கும். அதை எந்தத் திரவமும் சரிசெய்யாது. அந்த இடத்தைப் புதிய எழுத்தின் பின்னணிப் பட்டையால் மூடிவிடுவதே சிக்கனம்.

ஃபிலிம், அக்ரிலிக் மேல் இருந்தால்

இரண்டுக்கும் சோப்புத் தண்ணீரும் மிதமான சூடும் விரல் நுனியும்தான் கருவிகள். எழுத்தை உரித்தபின் தங்கும் பசைக்குச் சமையல் எண்ணெய் தடவி, மென்துணியால் வட்டமாகத் துடைத்து, சோப்பால் கழுவுங்கள். ஃபிலிமின் விளிம்பைத் தொடாதீர்கள். எழுத்தோடு சேர்ந்து ஃபிலிமும் கிளம்பினால் நிறுத்திவிட்டு ஃபிலிம் ஒட்டும் தொழிலாளரை அழையுங்கள். முழு ஃபிலிமையும் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அவருக்குக் கொடுக்கும் கூலி சிறிது.

பாதுகாப்பு

நம் கடைகளில் சாமி மேடையில் விளக்கு எரியும், சாம்பிராணி புகையும். மண்ணெண்ணெய், ஆல்கஹால், தின்னர் எதைத் திறந்தாலும் அதற்கு முன் விளக்கையும் ஊதுபத்தியையும் அணைத்துவிடுங்கள். உணவுக்கடையில் அடுப்பையும் நிறுத்துங்கள். கதவைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துங்கள். தின்னரைக் குளிர்சாதன அறையில் மூடிய கதவுக்குள் பயன்படுத்தவே கூடாது. தீ பிடித்தால் அழைக்க வேண்டிய எண் 999.

ஏணி நடைபாதையில் நிற்கும்போது கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்; வழிப்போக்கர்களுக்கு வழியும் விட வேண்டும். பயன்படுத்திய பிளேடுகளை ஒரு தகரக் குவளையில் போட்டு மூடி டேப் சுற்றிக் குப்பையில் சேருங்கள். குப்பை அள்ளுபவரின் கையை நினைத்துச் செய்யுங்கள்.

மீந்த கரைப்பானைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடும் கிள்ளான் ஆறுதான் கிள்ளான் நகரைக் கடந்து கடலில் சேர்கிறது. ஒரு கடை வாசலில் ஊற்றுவது இரண்டு ஊருக்கும் போகிறது. மூடியுள்ள போத்தலில் பத்திரப்படுத்தி அடுத்த வேலைக்கு வையுங்கள். நனைந்த துணியைத் திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம்

- எழுத்து முதல் மாடியிலோ அதற்கு மேலோ இருந்தால்
- கண்ணாடியில் ஏற்கெனவே வெடிப்பு இருந்தால்
- துளைகள் கொண்ட விளம்பரப் படலம் முழுக் கண்ணாடியையும் மூடியிருந்தால்
- வாடகைக் கடையைத் திருப்பித் தரும் நேரத்தில், கண்ணாடி கீறினால் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளும் விதி ஒப்பந்தத்தில் இருந்தால்

கூலி பேசும்போது "ஸ்டிக்கர் எடுப்பது" என்று மட்டும் பேசாமல், பசையையும் நீக்கிக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பதும் அதில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

புதிய எழுத்து ஒட்டும் முன்

கோலாலம்பூரில் விளம்பரங்களை 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச விளம்பரத் துணைவிதிகள் கட்டுப்படுத்துகின்றன. உரிமம் தருவது கோலாலம்பூர் மாநகர மன்றமான டிபிகேஎல். கிள்ளானில் 2024 பிப்ரவரி முதல் அரச மாநகர் மன்றமாக இருக்கும் எம்பிடிகேவுக்குத் தனி விதிகள் உண்டு. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் மன்றங்களும் அப்படியே. புதிய பெயரையும் கண்ணாடி எழுத்தையும் அச்சிடக் கொடுக்கும் முன், தேசிய மொழிக்குரிய இடமும் அளவும் பற்றி உங்கள் மன்றத்தின் உரிமப் பிரிவில் கேட்டுவிடுங்கள். ஒட்டிய பிறகு திருத்தச் சொன்னால் இந்த அத்தியாயத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தீபாவளி, பொங்கல் சலுகைகளுக்கு எளிதில் உரியும் தற்காலிகப் பசை கொண்ட வினைல் கேளுங்கள். பண்டிகை முடிந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஆயுத பூசைக்கு எப்படியும் கடையைக் கழுவுகிறோம். ஆண்டுக்கொரு முறை கண்ணாடியில் உள்ள எல்லா எழுத்தையும் படித்துப் பார்த்துக் காலாவதியானதை நீக்க அந்த நாள் ஏற்றது. கடைப்பெயர் போன்ற நிரந்தர எழுத்துக்கு நீடித்து உழைக்கும் காஸ்ட் வினைல் கேட்டு, கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். டின்டட் ஃபிலிம் உள்ள கண்ணாடி மட்டும் விலக்கு. அங்கே வெளிப்பக்கமே சரி.

ஒட்டிய நாளே ரசீதின் பின்பக்கத்தில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: தேதி, வினைலின் வகை, ஒட்டிய பக்கம், கண்ணாடி டெம்பர்டா இல்லையா. அந்த ரசீதைக் கடை உரிமக் கோப்பிலேயே வையுங்கள். அடுத்து இதைக் கழற்றப் போகிறவர் நீங்களாக இருந்தாலும், உங்கள் பிள்ளையாக இருந்தாலும், கடையை வாங்கப்போகும் வேறொருவராக இருந்தாலும், மேலே சொன்ன கேள்விகளுக்குப் பெரும்பாலும் அந்த ஒரு தாளே பதில் சொல்லிவிடும்.